பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்

அக்டோபர் 9, திங்கள்

பழைய செட்டு இன்று உயிரை விட்டது. காலை ஒன்பதே காலுக்கு ஆம்பிளிஃபயரின் முதுகிலிருந்து புகை வந்தது. நான்தான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, நான் பிளக்கும் கையுமாக நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

மனிதர் என்பது என் வீட்டுக்காரர். துரைராஜ் சவுண்ட் சர்வீஸ், பாளையங்கோட்டை. முப்பத்தைந்து வருடம் கல்யாண வீடு, கோவில், கட்சிக் கூட்டம் என்று இந்த ஊரின் எல்லா மரத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. காதை மட்டும் மூடவில்லை என்று பெருமை. "எங்காதுக்கு ஒரு பொட்டு தப்பாது" என்று தினம் ஒருதரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சாயங்காலம் மகள் ஷீபாவிடம் போனில் சொன்னேன். பெங்களூரிலிருந்துகொண்டே மூன்று ஸ்பீக்கருக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். ஒயரே கிடையாதாம்.

"எம்மா, மூணையும் வச்சுக் கேட்டுப் பாருங்க. எது நல்லாருக்கோ அத வச்சுக்கிட்டு மத்தத அனுப்பிருங்க. பத்து நாளுக்குள்ள திருப்பி அனுப்பலாம்."

எனக்கு அது புதுச் செய்தி. முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், என் கல்யாணத்தின்போது, இப்படி ஒரு வசதி இல்லை.

அக்டோபர் 11, புதன்

மூன்றும் வந்துவிட்டன. பேர் எல்லாம் இங்கிலீஷில் எழுத்தும் நம்பருமாக இருப்பதால் நானே பேர் வைத்துவிட்டேன். செங்கல், உருண்டை, டப்பா. அவரிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே பாட்டுப் போடுகிற வேலை என் போனுக்கு, அதாவது எனக்கு. தீர்ப்புச் சொல்கிற வேலை அவருக்கு. இந்த வீட்டில் வேலை எப்போதும் இப்படித்தான் பிரியும்.

டீப்பாயின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் கண்ணை மூடி, வலது உள்ளங்கையை டீப்பாயின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். சவுண்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு பழக்கம் போலிருக்கிறது.

உருண்டைக்குத் தீர்ப்பு: "பாஸு இடிக்கி. இது ரவுடிப் பயலுவ கார்ல வைக்கதுக்கு. வீட்டுக்கு ஆவாது."

டப்பாவுக்கு: "பரவால்ல."

செங்கலுக்கு: "இதாம்ட்டி சத்தம்! மேல் சுருதி எவ்வளவு சுத்தமா நிக்கி பாரு. உனக்குச் சொன்னா புரியாது."

புரியாதுதான். என் காதுக்குச் செங்கல் தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல இருந்தது. அதை நான் சொல்லவில்லை. பாட்டு விஷயத்தில் வாயைத் திறக்கிற உரிமை எனக்கு 1996 டிசம்பரோடு முடிந்துபோயிற்று.

ஒன்று கவனித்தேன். ரவுடி என்று திட்டினாரே, அந்த உருண்டைக்கு மட்டும் விரலால் தாளம் சரியாகப் போட்டார். செங்கலுக்குத் தாளம் வேறு பக்கம், பாட்டு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபர் 12, வியாழன்

மழை. துணி காயவில்லை. பருப்பு அடிப்பிடித்தது, மூன்று விசிலில் அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போனேன். அடுப்படிக்கு எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம், மறந்துபோச்சாம்.

அக்டோபர் 13, வெள்ளி

மெதுவாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு, "செங்கல்ல பழைய பாட்டு எதாவது போடு" என்றார். போனில் அமுக்கிவிட்டு வெங்காயம் உரிக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏற்ற வைத்திருந்த உருண்டை பாடிக்கொண்டிருந்தது. கரண்டி ஸ்டாண்டு கிடுகிடு என்று ஆடியது. பேரைப் பார்க்காமல் மாற்றி அமுக்கிவிட்டேன். திட்டு விழப்போகிறது என்று ஹாலுக்கு ஓடினேன்.

அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எதிரே செங்கல் ஊமையாக இருந்தது. அடுப்படியில் பாட்டு அலறியது. அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான் வந்த நிழல் பட்டதும் கண்ணைத் திறந்தார். "கேட்டியா, அந்த வயலின் வார அழகை? இந்தச் செங்கல்தான் நமக்கு. முடிவு பண்ணிட்டேன்."

பாட்டில் வயலினே கிடையாது.

மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி சோதித்தேன். ஒன்றும் ஓடாத செங்கலை எதிரே வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "சத்தத்தக் கொஞ்சம் கொறை, தலைய வலிக்கி" என்றார். மூன்று தரம் சோதித்தேன். மூன்று தரமும் தீர்ப்புச் சொன்னார்.

இந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. போன் வந்தால் "டவர் இல்ல" என்று என்னிடம் நீட்டுவது. ஞாயிறு ஆராதனையில் முதல் வரிசையில், பிரசங்கம் செய்கிற ஐயரின் வாயைப் பார்த்து உட்காருவது. அடிப்பிடித்த பருப்பு. திறந்தே கிடக்கும் தண்ணீர்க் குழாய். நான் பேசினால் முகத்தையே பார்ப்பார். கல்யாணம் ஆகி முதல் முப்பது வருடம் பார்க்காத முகம். வயதான காலத்தில் பாசம் வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

அக்டோபர் 14, சனி

நன்றாகத் தூங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக எழுந்து ரொம்ப நாள் ஆயிற்று. அது தப்பு என்று எனக்குத் தெரியும். சந்தோஷம் என்னவோ உண்மை.

1996ஐ எழுதிவிடுகிறேன். இதுவரை எந்த நோட்டிலும் எழுதியதில்லை.

அப்போது எங்கள் கோவில் பாடகர் குழுவில் நான் முதல் குரல். சிகாமணி சார் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கென்று புதிதாக ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, "எமிலி, இது ஒனக்குன்னே போட்டது, மூணாஞ் சரணம் வேற எவளுக்கும் எட்டாது" என்று சொல்லிக் கொடுத்தார். நான்கு மாதம் பழகினேன். பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கும்போதுகூட வாய்க்குள் பாடிக்கொண்டே இருப்பேன். டிசம்பர் 22, ஞாயிறு. கோவில் நிறைந்த ஜனம். மைக் செட்டு துரைராஜ் சவுண்ட் சர்வீஸ்.

இரண்டு சரணம் ஆயிற்று. மூன்றாவதில் மேலே ஏறினேன். வீட்டுக்காரர் மெஷினுக்கு மேல் குனிவதைப் பார்த்தேன். அப்புறம் ஜனங்களின் முகம் மாறியது. நான் பாடிக்கொண்டேதான் இருந்தேன். முன்வரிசைச் சிறுபிள்ளைகள் என் வாயைப் பார்த்துச் சிரித்தபிறகுதான், சத்தம் குழாய்களில் வரவில்லை என்று புரிந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். சிகாமணி சார் அவசரமாக மற்றவர்களைச் சேர்த்துப் பாடவைத்து ஒப்பேற்றினார். ஊருக்கு, ஒயர் லூஸ் என்று சொல்லிவிட்டார் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "நாந்தாம்ட்டி அமத்துனேன். மேல போனப்போ தொண்டையே நிக்கல. வெறுங்காத்துதான் வருது. ஊரு சிரிக்கக் கூடாதுல்லா, நம்ம மானமுல்லா."

அதற்குப் பிறகு நான் பாடவில்லை. ஷீபாவுக்குத் தாலாட்டுக்கூட ரேடியோதான். சிகாமணி சாரும் அந்தப் பாட்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்று அந்த மகா காதுக்கு எதிரே ஊமைச் செங்கலை வைத்து அவருக்குத் தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே விளையாடினால் போதாது. மைக்கை அவர் அணைத்தது ஊருக்கு முன்னால்.

அக்டோபர் 15, ஞாயிறு

கோவிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில் சிகாமணி சாரைப் பிடித்தேன். எழுபத்தாறு வயது, கம்பு ஊன்றுகிறார். பந்தல்கார பொன்ராஜ் அண்ணாச்சியும் நின்றார். என் வீட்டுக்காரர் குழாய் கட்டிய இடமெல்லாம் அவர் பந்தல் போட்டிருப்பார்.

"வெள்ளிக்கிழம நாலு மணிக்குக் காப்பிக்கு வாங்க. இவிய புது ஸ்பீக்கரு மூணையும் போட்டுக் காமிச்சு, எது நல்லதுன்னு உங்களுக்கு வெளக்குவாவ."

"அண்ணாச்சி காதுக்கு முன்னால நாங்க என்னத்த மயினி சொல்லிறப் போறோம்" என்றார் பொன்ராஜ்.

"கேக்கத்தான கூப்பிடுதேன்" என்றேன்.

வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளை வேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்கச் சொன்னார். இன்று ஞாயிறுதான் ஆகிறது.

அக்டோபர் 16, திங்கள்

செத்த ஆம்பிளிஃபயரைக் கேட்டு இரும்புக் கடைக்காரர் வந்தார். அதன் பழைய காகிதங்களைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். பில்லுகளுக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு சீட்டு. காது மூக்குத் தொண்டை டாக்டர் சீட்டு. தூத்துக்குடியில் போய்ப் பார்த்திருக்கிறார், இங்கே பார்த்தால் தெரிந்துவிடும் என்று. இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கிறது, குழாய்ச் சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும், காது மிஷின் அவசியம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார்.

தேதி 7-11-1996.

தேதியை நான்கு தரம் படித்தேன். நவம்பர் ஏழு. என் பாட்டு டிசம்பர் இருபத்திரண்டு.

நான் மேலே ஏறினேன். அந்தச் சத்தம் அவர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. என் தொண்டை நிற்கவில்லை என்று அவர் காது சொன்னது. அந்தக் காது கெட்டுப்போனது என்று நாற்பத்தைந்து நாளுக்கு முன்னாலேயே டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்துதான் என் மைக்கை அணைத்திருக்கிறார். காது செத்தது அவருக்கு. சங்கு ஊதியது எனக்கு.

இருபத்தேழு வருடம். ஒருநாள், ஒரே ஒருநாள், "எனக்குத்தாம்ட்டி கேக்கல" என்று சொல்லியிருக்கலாம்.

சீட்டை என் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். இரும்புக் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. வெள்ளிக்கு முந்திரிக்கொத்து செய்ய பச்சைப் பயறு வறுத்தேன். நன்றாகச் செய்ய வேண்டும்.

அக்டோபர் 18, புதன்

காலையில் புழக்கடைக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டடி தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். நானே போய் அடைத்தேன். கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இளைத்துவிட்டார். பேசாமல் வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது.

சாயங்காலம் ஷீபா வீடியோவில் வந்தாள். எந்த ஸ்பீக்கர் பிடித்தது என்று அவள் என்னைத்தான் கேட்டாள். அவர் குறுக்கே புகுந்து, "ஒங்கம்மாவ ஏன் கேக்க? அவளுக்குச் சங்கீதம்னா என்னன்னு தெரியும்? சுருதிக்கும் சுண்டலுக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சிரித்தார்.

ரொம்ப உதவி செய்தார். நினைப்புப் போய்விட்டது.

அக்டோபர் 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு இருவரும் வந்தார்கள். காப்பி, முந்திரிக்கொத்து. அவர் வெள்ளை வேட்டியில் டீப்பாய்க்கு முன்னால் உட்கார்ந்தார். அவர்கள் எதிரே சோபாவில். நான் அவருக்குப் பின்னால், போனும் கையுமாக நின்றேன்.

முதலில் உருண்டை. நிஜமாகவே பாட்டுப் போட்டேன். "பாஸு" என்று முகம் சுளித்தார். அடுத்து டப்பா, அதிலும் பாட்டு. "பரவால்ல." அவர்களும் தலையாட்டினார்கள்.

"இப்பம் கேளுங்க" என்று செங்கலை நடுவில் நகர்த்தினார். "ஏட்டி, போடு."

நான் போனை அமுக்குவதுபோல அமுக்கினேன். செங்கலில் பச்சை விளக்கு எரிந்தது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அவர் கண்ணை மூடினார். தலை ஆடியது. விரல் தாளம் போட்டது. "எப்படி? மேல் சுருதியக் கவனியுங்க. கண்ணாடி மாதிரி. முப்பத்தஞ்சு வருசம் இந்தச் சத்தத்துக்குத்தான் அலைஞ்சேன்."

பொன்ராஜ் அண்ணாச்சி செங்கலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, பாட்டு..." என்று வாயெடுத்தார். சிகாமணி சார் அவர் தொடையைத் தொட்டு நிறுத்தினார். சாருக்குப் புரிந்துவிட்டது. இதற்காகத்தான் ஏழு நாள் காத்திருந்தேன். யாராவது ஒருவர் சிரித்தால் போதும்.

யாரும் சிரிக்கவில்லை. சிகாமணி சார் தன் கம்பின் தலையில் விரலால் தாளம் போட ஆரம்பித்தார். பொன்ராஜும் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தபோது, "ஆமா அண்ணாச்சி, அருமையா இருக்கு" என்றார்கள் இருவரும், வாயை நன்றாகத் திறந்து. அவர் திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இவருக்கென்றால் ஊரே சேர்ந்து தாளம் போடுகிறது. அன்றைக்கு நான் வாயைத் திறந்தபடி நின்றபோது இதே பொன்ராஜ் மூன்றாவது வரிசையில் இருந்தார். மைக் இல்லாவிட்டால் என்ன, பாடும்மா என்று ஒரு குரல் வரவில்லையே.

பாடிவிட்டேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. வாய் திறந்தது, சிகாமணி சாரின் பாட்டு வந்தது. முதல் சரணம் கரகரத்தது. இருபத்தேழு வருடத் துரு, இருக்காதா. சாரின் விரல் கம்பின் மேல் நின்றுபோயிற்று. இரண்டாவதில் தொண்டை பழகியது. அவர் எனக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஓடாத பாட்டுக்குத் தப்புத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சார் அழுதுகொண்டிருந்தார். நான் மூன்றாவது சரணத்துக்கு ஏறினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். சோபாவில் இருந்த இருவரும் செங்கலைப் பார்க்கவில்லை, அவருக்கு மேலே எங்கோ பார்த்தார்கள். திரும்பினார்.

என் வாயைப் பார்த்தார். வாய் திறக்கிறது, மூடுகிறது, சத்தம் இல்லை. அன்றைக்கு ஊர் என்னைப் பார்த்ததுபோல இன்று அவர் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. உதடு அவருக்குப் பாடம் ஆயிற்றே. எந்தப் பாட்டு, எந்தச் சரணம் என்று தெரிந்துகொண்டார். அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

அவர் கை செங்கலுக்குப் போனது. அணைக்கப்போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை அமுக்கினார். என் வாயைப் பார்த்துக்கொண்டே மறுபடி அமுக்கினார். இதற்கு மேல் கூடாது என்று செங்கல் டிங், டிங் என்று கத்தியது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் சரணத்தை முடித்தேன். மேலே நின்றுதான் முடித்தேன்.

சிகாமணி சார் எழுந்து அவர் கையை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். போகும்போது என் தலையில் கை வைத்தார். பொன்ராஜ் அண்ணாச்சி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சீட்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். படித்தார். மடித்தார். முந்திரிக்கொத்து ஏழு மீதி.

அக்டோபர் 21, சனி

கடைசி நாள். திருப்பி எடுக்கிறவர் பதினோரு மணிக்கு வருவதாகச் செய்தி. போனில் காரணம் கேட்டது. செங்கலுக்கு, "பழுதான பொருள்", "எதிர்பார்த்தபடி இல்லை", "வேறு" என்று மூன்று இருந்தன. "வேறு" என்பதை அமுக்கினேன். டப்பாவுக்கும் அதுவே.

உருண்டையை வைத்துக்கொண்டேன். அவருக்குப் பிடிக்காதது அது. அதனால்தான். ரவுடி சத்தத்தோடு காலம் தள்ளட்டும்.

ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டேன். டீப்பாயின் மேல் தம்ளர் நடந்து போயிற்று, அவ்வளவு அதிர்வு. அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உள்ளங்கையை விரித்து வைத்தார். தாளம் சரியாக இருந்தது. நான் பாட்டை நிறுத்தவில்லை, வேலை இருந்தது.

காப்பி கொடுக்கும்போது என் வாயைப் பார்க்காமல் தம்ளரைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்து... மேல போனப்போ... நின்னுச்சாட்டி?"

ஷீபாவுக்குப் போன் போட்டேன். காது மிஷின் நாலைந்து வகை பார்த்து ஆர்டர் போடச் சொன்னேன். அவள், "யாருக்கும்மா?" என்று பதறினாள். இரக்கம் என்று அவள் நினைக்கக் கூடாது, யாருமே நினைக்கக் கூடாது. அதற்குத்தான் எழுதி வைக்கிறேன்.

அவர் எதிரே போய் நின்று, முகத்தை நேராகக் காட்டி, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்: "நான் சொல்ல மாட்டேன். மிஷின மாட்டிக்கிட்டு, நீங்களே கேட்டுச் சொல்லுங்க."